கருவாடு தின்ற பன்றியின் இரத்த அழுத்தம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நோயாளியிடம் காட்டும் அன்பு எல்லா வேளையிலும் நன்மையாகாது. இதை நான் ஒரு பன்றியை வைத்து அறிந்துகொண்டேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பின் சில ஆண்டுகள், நாகர்கோவிலுக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பன்றிகளைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். (பன்றி மேய்த்தேன் என்று என் மனைவி சொல்வதை ஏற்பதற்கில்லை.) சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்பில் உப்பைப் பிடித்துவைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுமாம். வயிற்றைக் கிழிக்காமல், தொடையின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய டியூப்பைச் செலுத்தி, அச்சுரப்பியில் ஒரு பகுதியைச் சுட்டுவிட்டால் அழுத்தம் இறங்குமா? மனிதருக்குச் செய்யுமுன் பன்றிகளில் இதைச் சோதித்தார் எங்கள் டாக்டரம்மா.

மூன்றாம் பன்றிக்குச் சிகிச்சை இனிதே முடிந்தது. மறுநாள் அது தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து வந்தவர் கஞ்சி வேண்டாமென்றால் எங்கள் வீடுகளில் கருவாட்டைச் சுட்டு வைப்போம். அந்த வைத்தியத்தையே நானும் செய்தேன். முட்டம் கடற்கரையில் காய்ந்த, உப்புப் பூத்த கருவாடு. பன்றி தேறியது. நான் பெருமிதத்தில் சற்றுப் பருத்தேன்.

அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. பத்தாம் நாள் ஏறியேவிட்டது.

"நாலு வருஷ வேலை, அண்ணாச்சி," என்றார் டாக்டரம்மா. "இந்த முறை பலிக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டு நிறுத்த வேண்டியதுதான்."

நான் மெல்லக் கேட்டேன்.

"டாக்டரம்மா, கருவாடு தின்னா பிரஷர் ஏறுமா?"

"யாருக்கு?"

"பொதுவாக் கேக்கேன்."

அவர் பன்றியைப் பார்த்தார். பிறகு என்னை. "எத்தன துண்டு குடுத்திய?"

"காலைல ரெண்டு. சாயந்திரம் கேட்டா ஒண்ணு."

"கேட்டாலா?"

"ஒரு மாதிரி பாக்கும்."

அவர் கோபிக்கவில்லை. "கைய நீட்டுங்க," என்று எனக்கும் பிரஷர் பார்த்தார். "அதுக்கு நூத்தி அம்பது. ஒங்களுக்கு நூத்தி எண்பது. கூண்டு மாறிக் கெடக்கு, அண்ணாச்சி."

வெறும் தீவனத்தில் பதினான்கு நாள் கழிந்தபின் பன்றியின் அழுத்தம் இறங்கியது. சோதனையும் தொடர்ந்தது. எனக்கு வாய்த்தது ஆயுள் முழுவதும் உப்பில்லாச் சாப்பாடு. உப்பில்லாமல் அவித்த மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளிதான்) நான் முறைத்தால், "கொற சொல்லாம தின்னுங்க. அந்தப் பன்னி உப்பில்லாம தின்னு கொணமாகல்லியா?" என்கிறாள் மனைவி. இதை வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் விளக்கியும் சொல்கிறாள்.

ஆராய்ச்சி அறிக்கையிலோ இது 'தீவனத்தில் பிழை' என்று இரண்டே சொல்லில் முடிந்திருக்கிறது. அந்தப் பிழை அடியேனே. ஆகையால் இக்குறிப்பை அவ்வறிக்கையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.