புல்லுக்கு நாடி பார்த்த டிரசர்

பூமியில் எத்தனையோ வைத்தியர்கள் பிறந்திருக்கிறார்கள். ஆனால் புல்லுக்கு நாடி பார்த்து, அதற்குப் பத்தியமும் சொன்ன ஒரே மனிதர், ஜொகூரில் பாலோவுக்குப் பக்கத்தில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்த ரப்பர் தோட்டத்தில்தான் இருந்தார். இதை மறுப்பவர்கள் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆபீஸ் பதிவில் நானே அதை எழுதியிருக்கிறேன். ஆனால் தோட்டம் முழுவதற்கும் அவர் ‘புல்லு டிரசர்’தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவரை டிரசர் என்போம். நம் ஆள் அந்த ஆஸ்பத்திரியில் தரை கழுவிக்கொண்டிருந்தவர். ஒருநாள் அசல் டிரசர் சாப்பிடப் போன நேரத்தில், வரிசையில் நின்ற ஏழு பேருக்கும் இவரே நாடி பார்த்து, ஏழு பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டார். அதில் ஒருவன் கை முறிந்து வந்தவன். மறுநாளே இவரைத் துரை பங்களாவின் புல்தரையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். மனிதர்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

அது பெயருக்குத்தான் புல்தரை. ஒரு பக்கம் பெரிய அங்சானா மரம் நின்று வெயிலைத் தரைக்கு விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் மேட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் வழி தெரியாமல் அங்கேயே குடித்தனம் நடத்தியது. காலை வைத்தால் சொதக்கென்று உள்ளே போகும். புல் இருந்த இடமெல்லாம் பாசி மூடிக் கிடந்தது. ஜொகூர் மழையில் எங்கள் மனசே அப்போது அப்படித்தான் கிடந்தது என்று வையுங்கள்.

நான் ஒரு கடிதத்தோடு பங்களாவுக்குப் போனபோது, டிரசர் மண்டியிட்டு, கட்டைவிரலை மண்ணில் அழுத்திக் கண்ணை மூடியிருந்தார்.

“சளி, கிராணி ஐயா. நெஞ்சு பூரா கட்டிக்கெடக்கு. மூச்சு விட முடியல, பாவம்.”

“யாருக்குப்பா?”

“இதுக்குத்தான். வேற யாருக்கு?”

சளிக்கு முதல் வைத்தியம் புகை. நாலு மூலையிலும் சட்டி வைத்துச் சாம்பிராணி போட்டார். உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த துரை, பங்களா பற்றிக்கொண்டது என்று பாதி மீசையோடு வெளியே ஓடி வந்தார். நிதானமாக விசிறிக்கொண்டிருந்த டிரசர், “கிட்ட வராதீங்க தொரை, ஒட்டிக்கும்” என்று எச்சரித்தார்.

இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும் காலமாகவும் அது இல்லை. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. போகிறவர்களின் பட்டியலை டைப் அடிக்கிற வேலை என்னுடையது. என்னைக் கண்டாலே பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அடுத்த பட்டியலில் டிரசரும் இருந்தார். துரை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

“ரெண்டு மாசம். பெரிய தொரை வருது, தோட்டம் பாக்குது. புல் நல்லா இருந்தா நீ இரு. பாசி இருந்தா நீ கப்பல் போ.”

துரை போன பிறகு டிரசர் என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நான் கப்பல் ஏறிட்டா அஞ்சலையை யாரு போய்ப் பாப்பா?”

அஞ்சலை அவர் மனைவி. புல் பிடுங்கும் கும்பலில் வேலை செய்தவள். கைக்குழந்தை காய்ச்சலில் போன அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், அப்புறம் பேசவே இல்லை. ஜொகூர் பாருவில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு டிரசர் ரயிலேறிப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் தானே பேசிவிட்டு வருவார். அவள் காது கொடுத்தாளா என்று யாருக்கும் தெரியாது. அவர் மட்டும், “போன தடவைக்கு இந்தத் தடவை நல்லா கேட்டுச்சு” என்பார்.

அதற்குப் பிறகு அவர் புல்லுக்குச் செய்த அவசர சிகிச்சையை ரப்பர் தோட்டத்துக்காரன் தவிர வேறு யாரும் யோசித்திருக்க முடியாது. ரப்பர் பாலை உறைய வைக்கத் தொட்டியில் ஆசிட் ஊற்றுவார்கள் அல்லவா? அதில் ஒரு வாளி கொண்டுவந்து பாசியின் மேல் ஊற்றிவிட்டார்.

“ரெண்டு கரண்டிலேயே பால் கட்டியாவுது, பாசி கட்டியாவாதா? கட்டியானா சுருட்டி எடுத்துப்புடலாம்ல?”

பாசி கறுத்தது. கூடவே மிச்சமிருந்த புல்லும் பொசுங்கியது. பத்தே நாளில் பாசி மட்டும் குளித்து முழுகி எழுந்து வந்தது, முன்னைவிடக் கொழுப்பாக.

“அலமாக்! பேஷண்ட் செத்துட்டான், வியாதி பொழைச்சுக்கிச்சு” என்று அசல் டிரசர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அன்று மழையில் நம் ஆளைப் பார்த்தேன். தான் தொப்பலாக நனைந்துகொண்டு, பிழைத்திருந்த ஒரு சாண் புல்லுக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வரவில்லை.

அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. குடைக்கு மேலே வருகிற தண்ணீரல்ல, அடியில் வந்து தேங்குகிற தண்ணீர்தான் நோய் என்று. மறுநாள் மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். ரப்பர் நிரைகளுக்கு நடுவே வெட்டுவது போல மேட்டோரம் காண், அதாவது சின்ன வாய்க்கால், வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். அங்சானாவில் ஏறிக் கிளைகளைக் கழித்து வெயிலை இறக்கினார். பாசியை வாரி எடுத்து, மண்ணில் சாணுக்கு ஒரு துளையாகக் கடப்பாரையால் குத்தினார்.

“ஊசி போடறேன் ஐயா. மூச்சுக்கு.”

துளைகளில் மணல் போட்டார். லயத்துக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைத் தூவினார். ரயில் பாதை ஓரத்திலிருந்து நல்ல புல்லாகப் பெயர்த்து வந்து, ஒவ்வொரு துண்டாக நட்டார். பத்தியம்: யாரும் மிதிக்கக் கூடாது. துரையின் நாய் மிதித்ததற்குத் துரையையே திட்டினார்.

இரண்டாவது மாதக் கடைசியில் போய்ப் பார்த்தேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். கால் நனையவில்லை.

கம்பெனியின் பெரிய துரை வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கி நேராக உள்ளே போனார், ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார், காகிதங்களைப் பார்த்தார். தோட்டத்தில் பாதியை மூடு, பங்களாவைப் பூட்டு, துரையும் வேறு தோட்டத்துக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விட்டார். புல்தரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. டிரசர் அதன் ஓரத்தில் தலைப்பாகையைக் கையில் பிடித்து நின்றுகொண்டே இருந்தார்.

பூட்டிய பங்களாவுக்குப் புல்லு டிரசர் எதற்கு? பட்டியலில் அவர் பெயர் திரும்பவும் வந்தது.

“ஐயா, ஒரு பேருதானே. விட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாதா?”

“மேலிடத்து உத்தரவுப்பா. நான் என்ன பண்றது?”

என் வேலையும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் குடும்பம் இருந்தது. எல்லாம் நிஜம்தான். ஆனாலும் அந்தப் பெயரை நான்தான் டைப் அடித்தேன், எழுத்துப் பிழை கூட இல்லாமல்.

பாலோ ஸ்டேஷனில் தலைகளை எண்ணி ரயிலேற்றினேன். முப்பத்தொன்று. கப்பலேறும் சிங்கப்பூரிலிருந்து தந்தி வந்தது: முப்பது. டிரசர் தகரப் பெட்டியோடு ஜொகூர் பாருவிலேயே இறங்கிவிட்டிருக்கிறார். எண்ணத் தெரியாத கிராணி என்று மேலிடத்தில் எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. சம்பளம் வாங்கிய காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஏச்சு வாங்கியதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாக ஜொகூர் பாருவுக்குப் போனேன். மனநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் எனக்கு எந்த வேலையும் இல்லை. போனேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு புல்தரை. ஓரமாகக் காண், கிளை கழித்த மரங்கள். நடுவில் நரைத்த பெண் ஒருத்தி உட்கார்ந்து, இரண்டு விரலால் பாசியைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டைவிரலை மண்ணில் அழுத்தியபடி, ஓயாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார் அவர்.

என்னைக் கண்டதும் ஓடி வந்து கேட்டைத் திறந்தார்.

“வாங்க ஐயா! இங்கயும் சளிதான், நான் வேலைக்கு வந்தப்ப. இப்ப தேவல. அஞ்சலை, கிராணி ஐயா வந்திருக்காங்க பாரு.”

அவள் நிமிரவில்லை. வழியில் நான் சேர்த்துவைத்த வார்த்தைகளை ஆரம்பித்தேன்.

“டிரசரே, அன்னைக்கு அந்த லிஸ்டுல...”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சளி, ஐயா. ரொம்ப நாளா கட்டியிருக்கு. வெயில்ல கொஞ்ச நேரம் ஒக்காருங்க, சரியாப்போயிடும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்களிடம் கையை நீட்டியிருக்கிறேன். அவரைப் போல யாரும் என் நோயைச் சரியாகச் சொன்னதில்லை.