மூடியில் ஒட்டிய சீட்டு

கிண்ணத்துக்குள் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ மொசுமொசுவென்று வளர்ந்திருந்தது. மூடியில் ஒட்டிய சீட்டில் 'அவர் கை' என்று மனைவியின் கையெழுத்து. கணக்கர் ஆடிப்போனார். பக்கத்தில் 'என் கை' கிண்ணமோ துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

கடையில் வாங்கிய கிருமிப் பரிசோதனைப் பெட்டி அது. நாலு நாள் முன்பு ஆளுக்கொரு கிண்ணத்தில் கையை ஒற்றி மூடி வைத்திருந்தார்கள். யார் கை அழுக்கோ, அவர்தான் இனி வருஷம் முழுக்கக் கழிப்பறை கழுவ வேண்டும் என்று கணவன் மனைவிக்குள் பந்தயம். அவள் வேலையிலிருந்து வருவதற்குள் இதை ஒழித்தாக வேண்டும்.

"குப்பையில போட்டுடவா?"

"அப்படியே போடக்கூடாது மாமா. முதல்ல கிருமியைக் கொல்லணும்" என்றான் மனைவியின் தம்பி, சோபாவில் படுத்தபடியே.

கணக்கர் பெட்டியிலிருந்த தாளைப் படித்தார். 'மூடியைத் திறக்காதீர்கள்' என்றது மேல் வரி. 'ப்ளீச்சில் ஊற வையுங்கள்' என்றது கீழ் வரி.

"திறக்காம எப்படிடா உள்ள ஊத்துறது?"

"தாள்லயே போட்டிருக்கும் மாமா."

டேப் ஒட்டிய கிண்ணத்தின் மேலேயே ப்ளீச்சை ஊற்றினார். கிருமி மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. அவருடைய நீலச் சட்டையில்தான் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. தரையில் ஓடியதைத் துடைக்கக் கைக்குக் கிடைத்ததை எடுத்தார். அது மனைவியின் புதுத் துண்டு.

நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதை மறைக்கக் கழிப்பறை ஆசிடைத் தூக்கினார்.

"ஐயோ மாமா! ரெண்டும் கலந்தா விஷப் புகை! ஜன்னலைத் திறங்க!" தம்பி முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தான். "தாளைத் திருப்பிப் பாருங்க. கிண்ணத்தை ஜிப் பைக்குள்ள வச்சு, ப்ளீச் ஊத்தி, பையை மூடிட்டு, வெளியில இருந்தே மூடியைத் தளர்த்தணுமாம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க தாளைத் திருப்பவே இல்லையே!"

கையுறை மாட்டி, பைக்குள் கிண்ணத்தோடு மல்லுக்கட்டி, ஒரு வழியாக மூழ்கடித்தார். ஊறட்டும் என்று பையைப் பால்கனி வாளிக்குள் ஒளித்தார். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். இந்தக் கழுவலை அன்றைக்கே கழுவியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

கதவு திறந்தது.

"என்னங்க, வீடே ப்ளீச் நாத்தம்? என் துண்டுக்கு என்ன ஆச்சு? ஒரு கிண்ணத்தைக் காணோம்?"

பொய் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. "தோத்துட்டேன்மா. என் கை அவ்வளவு மோசம். மானம் போகுதேன்னு ஒழிச்சுட்டேன். வருஷம் பூரா நானே கழுவுறேன்."

ஆட்டம் போடப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லைங்க. பாதி நாள் நானும் கழுவுறேன்."

கணக்கருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவளுக்கா இவ்வளவு பெரிய மனசு? கண் கலங்கிவிட்டது.

தம்பி சோபாவில் திரும்பிப் படுத்தான்.

"காலைல சீட்டை மாத்தி ஒட்டுறப்பவே சொன்னேன்ல அக்கா, மாமா பாவம்னு?"