வியட்நாம் சேராத கட்சி

கட்சி ஆரம்பித்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆரம்பித்த கட்சியிலிருந்தே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டவர்களும் நூறு பேராவது தேறுவார்கள். ஆனால் தான் ஆரம்பித்த கட்சியில் தனக்கே இடம் கிடைக்காமல், நாலு வருஷம் ஜன்னலுக்கு வெளியே நின்று கட்சி நடத்தியவர் நான் அறிந்து ஒருவர்தான். அவர் பெயர் வியட்நாம்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது, வெளியே வந்ததே இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதி, கோபாலபுரம் பக்கம் எந்தத் தோட்டத்தில் பம்ப்செட் படுத்துக்கொண்டாலும் "வியட்நாமைக் கூப்புடு" என்பார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொந்தரவெல்லாம் அவர் வாயில்தான். கிணற்றுக்குள் பாதிப் படியில் உட்கார்ந்து ஸ்பேனரைத் திருகிக்கொண்டே, வியட்நாம் யுத்தத்தில் முந்தின நாள் எங்கே குண்டு விழுந்தது என்று ஆரம்பிப்பார். கிணறு அதை இரண்டு மடங்காக்கி மேலே அனுப்பும். தோட்டக்காரர் ஓடவும் முடியாது, தண்ணீர் வேண்டுமே!

"ஏனுங்க, மோட்டாரு ஓடுமுங்களா?" என்று மேலிருந்து பரிதாபமாகக் கேட்பார்கள்.

"மோட்டாரு ஓடுமுங்க. அந்த ஊருச் சனம் எங்கீங்க ஓடும்?" என்று கீழேயிருந்து பதில் வரும்.

நான் அப்போது பொள்ளாச்சியிலிருந்து வந்து கோபாலபுரத்தில் ஓர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எதிரில் ராவுத்தர் டீக்கடை. வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள் டீ குடிக்கப் போனவன், திரும்பி வரும்போது ஒரு கட்சியின் உறுப்பினராக வந்தேன். அதில் என் தவறு எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் அங்கே வியட்நாம் தன் கட்சியைத் தொடங்கிக்கொண்டிருந்தார்.

கட்சியின் பெயர் 'அகில உலக உழைப்பாளர் போர் ஒழிப்புக் கட்சி'. இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் எவருமில்லை. செங்கொடியின் நடுவில் வெள்ளைப் புறா வேண்டும் என்றார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் படமும் வரும் என்று அவராக முடிவு செய்துகொண்டார். நான் புறாதான் வரைந்தேன், சத்தியமாக. ராவுத்தர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கொண்டை மட்டும் போட்டுட்டீங்கன்னா கோழி முடிஞ்சிரும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் கட்சிக்கு ஊரில் கோழிக் கட்சி என்று பெயர்.

வியட்நாமின் கொள்கை விளக்க உரை மூன்று நிமிஷம்தான். "பண்ணாடிக்கும் பண்ணாடிக்கும் வரப்புல தகராறு வருது. மண்டை ஒடையறது ஆருதுங்க? பண்ணயத்தாளுது. நாட்டுக்கும் நாட்டுக்கும் அதே கதைதானுங்க. சண்டை வேணுமுன்னா மொதலாளி போயி மொதலாளியோட உருளட்டும். நாம எதுக்குங்க சாகோணும்?"

கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் கை தட்டினார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே நாற்பது பேர் கட்சி. அவர் உட்காரவில்லை. "ஒரே ஒரு ரூலுங்க" என்றார்.

அந்த ரூல்தான் கட்சியை உருவாக்கியது. வளரவிடாமல் அடித்ததும் அதுதான். சேர விரும்புகிறவர் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறாரோ, அந்தப் பகையாளியின் கையெழுத்தை விண்ணப்பத்தில் வாங்கி வரவேண்டும். 'இவருக்கும் எனக்கும் இனிச் சண்டையில்லை' என்று பகையாளி எழுதித்தர வேண்டும். "பக்கத்து ஊட்டுக்காரனோட பேச மாட்டீங்க. அமெரிக்காக்காரனப் பேச்சுவார்த்தைக்கு வாடான்னு கூப்புட நமக்கு என்னங்க யோக்கியதை?" என்று கேட்டார். நாற்பது விண்ணப்பங்களும் மடித்துச் சட்டைப் பையில் போடப்பட்டன.

அந்தப் பக்கம் மழை குறைவு, கிணறு ஆழம், வரப்பு நீளம். பகையாளி இல்லாத வீடே கிடையாது. ஆக, மூன்று மாதத்தில் திரும்பி வந்த விண்ணப்பங்கள் நாலு.

எனக்குப் பகையாளி இல்லை. ஊருக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் எப்படிச் சம்பாதிப்பது? வியட்நாம் என்னைச் சந்தேகத்தோடு மேலும் கீழும் பார்த்து, "ஒருத்தருமே இல்லீங்களா? செரி, விதிவிலக்குன்னு எழுதிக்கங்க" என்றார். முதலில் ஒழுங்காகக் கையெழுத்தோடு வந்தது மாராத்தாள்தான். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஆறு வருஷமாகப் பேசாத ஓரகத்தியிடம் போய், "அக்கா, வியட்நாமுல சண்டை நிக்கோணுமாமா, ஒரு கைநாட்டு வெய்யி" என்று கேட்டிருக்கிறாள். ஓரகத்தி சிரித்துவிட்டாள். மாராத்தாளைத்தான் கட்சியின் தலைவராக்கினோம்.

எருத்தேன்பதித் தோட்டக்காரர் ஒருவர் குறுக்கு வழி கண்டுபிடித்தார். உண்மையான பகையாளி கையெழுத்துப் போடமாட்டார் என்று தெரிந்ததால், சுமுகமாக இருந்த மச்சானோடு ஒப்புக்கு ஒரு சண்டை போட்டு, மறுநாளே சமாதானமாகிக் கையெழுத்து வாங்கிவிடுவதாகத் திட்டம். சண்டை ஒப்புக்குத்தான் தொடங்கியது. நடுவில் மச்சான் பழைய கல்யாணச் சீர் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அவர்கள் பேரன்பேத்தி எடுக்கும் வரை பேசவில்லை. அவருடைய விண்ணப்பம் இன்னும் வந்து சேரவில்லை.

இப்படியே தட்டுத்தடுமாறி உறுப்பினர்கள் பதினோரு பேரானோம். பன்னிரண்டாவது ஆள் வரவேண்டியது வியட்நாம்தான். அங்கேதான் வண்டி நின்றுபோனது.

அவருக்கு ஓர் அண்ணன். எருத்தேன்பதியில் இருவருக்கும் ஒட்டினாற்போல வீடு, ஒரே கிணறு. முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது வழக்கம். கட்சி தொடங்குவதற்கு ஏழு வருஷத்துக்கு முன் ஒருநாள், தம்பி தன் முறை முடிந்தும் அரைமணி நேரம் அதிகமாக மோட்டாரை ஓட்டிவிட்டார் என்பது அண்ணன் கட்சி. மோட்டாரை அணைத்துவிட்டேன், குழாயில் மிச்சத் தண்ணீர் வந்தது என்பது தம்பி கட்சி. அன்றோடு பேச்சு நின்றது. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் அண்ணன் வாசலில் கட்டியிருந்த எருமையிடம் சொல்வார். தம்பி அதே எருமையிடம் பதில் சொல்வார். ஊரிலேயே விஷயம் அதிகம் தெரிந்த ஜீவன் அந்த எருமைதான். தம்பி சுற்று வட்டாரத்துக்கே மோட்டார் மெக்கானிக், ஆனால் அண்ணன் மோட்டார் கெட்டால் பொள்ளாச்சியிலிருந்து ஆள் வரும்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நானே மூன்று முறை அண்ணனிடம் போயிருக்கிறேன். மோர் கொடுத்து உபசரிப்பார். கையெழுத்து என்றதும் முகம் மாறும். "அவனுக்கு ஒலகத்துச் சண்டையெல்லாம் தெரியுமுங்க. எங்கூட எதுக்குச் சண்டைன்னு தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார். அதை வந்து சொன்னால் வியட்நாம், "நாந்தான் மோட்டார நிறுத்திப்போட்டனே!" என்று என் மேல் பாய்வார். உலக சமாதானத்துக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த அரைமணி நேரத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதனால் கட்சிக் கூட்டம் ராவுத்தர் கடைக்குள்ளே நடக்கும்போது, நிறுவனர் வெளியே பெஞ்சில் நின்று ஜன்னல் வழியாகப் பேசுவார். ஓட்டெடுப்பில் ஆவேசத்தில் கையைத் தூக்கிவிட்டால் மாராத்தாள் விடமாட்டாள்.

"ஏனுங்ணா, மெம்பரில்லாதவங்க கையத் தூக்கக் கூடாதுங்க."

"மறந்துட்டேன் கண்ணு" என்று கையை இறக்கிக்கொள்வார்.

அவர் ஏன் இப்படி இருந்தார் என்று ஒருமுறைதான் கேட்டேன். பெரிய யுத்தத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி மெக்கானிக்காக இருந்தாராம். "லாரிக ரிப்பேருக்கு வருமுங்க. கை வெக்கறதுக்கு மின்ன உள்ளாற கழுவோணும். அதுதானுங்க எனக்கு மொத வேலை. என்னத்தக் கழுவுனேன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்தாலும் ஓர் அளவோடுதான் செய்தேன்.

வியட்நாமில் சண்டை நின்ற செய்தி வந்த அன்று ராவுத்தர் எல்லோருக்கும் ஓசியில் டீ கொடுத்தார். "நம்ம பதினாலாவது தீர்மானம் அமெரிக்காவுக்குப் போயிச் சேந்திருச்சு" என்று மாராத்தாள் அறிவித்தாள். சிலர் நம்பவும் செய்தார்கள். வியட்நாம் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். உள்ளே வந்து அழுங்கள் என்றோம், கூட்டம் முடியட்டும் என்றார்.

அது முடிந்து இரண்டு மாதத்தில் எமர்ஜென்சி வந்தது. கட்சிகளின் பெயரெல்லாம் போலீஸ் கேட்டது. எங்கள் கட்சியையும் ஒரு கட்சி என்று மதித்த முதல் ஆள் போலீஸ்தான். ஒரு முற்பகல் ஜீப் வந்து வியட்நாமையும், கையெழுத்து என்னுடையது என்பதால் என்னையும், உறுப்பினர் நோட்டையும், விண்ணப்பப் பைலையும் ஏற்றிக்கொண்டு போனது.

இன்ஸ்பெக்டர் மலையாளி. கெட்டவர் இல்லை. நோட்டைப் புரட்டப் புரட்ட அவருக்கு வியர்த்தது. "இதெந்தா, ஒரோ ஆளுக்கும் ரெண்டு ஒப்பு, கையெழுத்து? மொத்தம் எத்ர பேரு, பதினொண்ணா இருபத்தொண்ணா?" என்றார். நான் ரூலை விளக்கினேன். நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வியட்நாமைப் பார்த்து, "உங்க பேரு இதில இல்லல்லோ?" என்றார்.

"ஆரம்பிச்சது நானுங்க. சேரலீங்க."

"பின்னே நீங்க வீட்டுக்குப் போகலாம். ஆனா மேலே ஒரு பேரு அனுப்பியே தீரணும். பிரசிடெண்டு ஆரா, மாராத்தாள்... அவளைக் கொண்டு வரேண்டி வரும்."

வியட்நாம் மேஜையை நெருங்கினார். "அவளுக்கு ரெண்டாவதா ஒரு கைக்கொழந்தைங்க சார். என்ர பேர எழுதிக்கங்க" என்றார்.

"மெம்பர் அல்லாத்த ஆளை நான் எங்ஙன நேதாவுன்னு எழுதும்?" ரூல் இப்போது இன்ஸ்பெக்டருக்கும் பிடித்துப்போய்விட்டது.

நான் அவர் காதில், "அண்ணா, ஒரு விண்ணப்பம் பைல்ல இருக்குதுங்க. உங்க அண்ணன் பெரியவர் கையெழுத்த நானே போட்டர்றனுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒன்பது நாள் பையனாகச் சுருங்கிப்போனேன்.

"கள்ளக் கையெழுத்துலீங்களா ஒலக சமாதானம் வரும்?"

அதே நேரத்தில் வாசலில் ஒரு சத்தம். பெரியவர்! தோளில் துண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க வந்து நிற்கிறார். ஊருக்குள் செய்தி எப்படியோ திரிந்திருந்தது: எதிராளி கையெழுத்து இல்லாததால் வியட்நாமைப் போலீஸ் பிடித்துவிட்டதாம், கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம்!

"சார், இவனுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லீங்க. அந்தத் தண்ணி போனாப் போகுதுங்க. எங்க கையெழுத்துப் போடோணும், காட்டுங்க" என்றார்.

விஷயம் தெரியாமல் போடுகிறாரே என்று நான் பெரியவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். பைலிலிருந்த விண்ணப்பத்தை வியட்நாமே எடுத்து நீட்ட, பெரியவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் தட்டுத்தடவி, பெரிய பெரிய எழுத்தில் தன் பெயரைப் போட்டார்.

வியட்நாம் அதை இரண்டு கையாலும் வாங்கி இன்ஸ்பெக்டர் மேஜை மேல் வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "பன்னண்டாவது மெம்பருங்க சார். செகரட்டரியும் நாந்தான். இப்ப எழுதுங்க."

பெரியவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அட கெரகமே! உன்னைய வெளிய கூட்டிட்டுப் போலாம்னு வந்தா, நீ உள்ள போறதுக்கா என்ர கையெழுத்து?" என்று எருமையின் உதவி இல்லாமல் நேராகத் தம்பியிடமே கத்தினார்.

"பதினோரு வருசங் கழிச்சு எங்கிட்டப் பேசறீங்க. இதுக்கு எத்தன நாள் வேணுமின்னாலும் உள்ள இருக்கலாமுங்ணா."

பெரியவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "எனக்கும் ஒரு காயிதம் குடுங்க சார். எம் பகையாளி இங்கதான் இருக்கறான், இப்பவே கையெழுத்து வாங்கிக்கறேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் படாரென்று மூடினார். "மதி, போதும்! எண்டே ஸ்டேஷனில் இனி ஆரும் சேரண்டா!"

வியட்நாம் இரண்டு மாதம் உள்ளே இருந்தார். வாராவாரம் பெரியவர் பஸ் ஏறிப் போய், காவலர்கள் என்ன சொன்னாலும் கேட்காமல், தூக்குப்போசியில் சோறு கொடுத்துவிட்டு வந்தார். மாராத்தாளை யாரும் தேடி வரவில்லை. வெளியே வந்த அன்று வியட்நாம் ராவுத்தர் கடைக்குள் முதல்முறையாக உறுப்பினராக நுழைந்தார். உள்ளே எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

கட்சி பன்னிரண்டைத் தாண்டவில்லை. தேர்தலில் நிற்கவில்லை, யாரையும் தோற்கடிக்கவில்லை. இன்றைக்கு அவரும் இல்லை, பெரியவரும் இல்லை, அந்த நோட்டு எந்த ஸ்டேஷன் பரணில் கிடக்கிறதோ தெரியாது. தேர்தல் வந்தால் பல நிறக் கொடிகளோடு பிள்ளைகள் என் வீட்டுக்கும் வந்து, உறுப்பினராகச் சேருங்கள் ஐயா என்று கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பிகளா, நான் ஏற்கெனவே ஒரு கட்சியில் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.