லிட்டருக்குப் பதினைந்து

பெரிய டீசல் வண்டி வைத்திருப்பவனிடம் மைலேஜ் கேட்டால் உண்மை வராது. மற்றவர்களிடம் பொய் சொல்வதாவது பரவாயில்லை. நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பத்து வருஷங்களுக்கு முன், காட்டிலும் மேட்டிலும் ஓடக்கூடிய பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்றை வாங்கினேன். விற்றவர், “லிட்டருக்குப் பதினைஞ்சு குடுக்கும்” என்றார். வாங்கிய கையோடு அகல டயர், கூரைமேல் கேரியர், மாடு முட்டினாலும் அசையாத இரும்பு பம்பர் எல்லாம் மாட்டினேன். (அது ஏறியதிலேயே கடினமான மேடு, எங்கள் தெரு வேகத்தடை.) இத்தனை பாரத்துக்குப் பிறகும் மைலேஜ் மட்டும் குறையவே குறையாது என்று நம்பினேன்.

தங்கை ஸ்டெல்லாவுக்கு அரக்கோணம் சர்ச்சில் கல்யாணம். எங்கள் அப்பா, நைனா, உயிரோடு இல்லாததால், அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவன் நான்தான். அக்காவின் கணவரான பாவா வாடகைக் கார் பேசலாம் என்றார். நம் வண்டி இருக்கும்போது வாடகைக் காரா என்று மறுத்துவிட்டேன்.

அன்று காலை வீட்டெதிரே சேறு. சொந்தக்காரர்கள் பார்க்கட்டுமே என்று நான்கு சக்கரமும் இழுக்கும்படி லீவரைப் போட்டு, முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினேன். அதைத் திரும்ப எடுக்க மறந்துபோனேன். பிறகு, பெண்ணின் அலங்காரம் வியர்வையில் கரையக் கூடாதே என்று, அவள் தயாராகும்வரை இன்ஜினை அணைக்காமல் ஏ.சி.யை ஓடவிட்டேன். ஆளில்லாத வண்டி ஜில்லென்று நின்றது.

ஊரைத் தாண்டியதும் டீசல் விளக்கு சிவப்பாக எரிந்தது.

“இன்னாண்ணா அது?” என்றாள் ஸ்டெல்லா.

“ஒண்ணுமில்ல. அரக்கோணம் போயிட்டுத் திரும்பியே வரலாம்.”

“அதோ பங்க் வருது மச்சான், கொஞ்சம் போட்டுக்கலாம்” என்றார் பாவா.

“பதினைஞ்சு குடுக்கற வண்டி பாவா இது!”

பங்க் பின்னால் போனது. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பாவா ஓடிப்போய் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தார். ஸ்டெல்லா வெள்ளைப் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

“நீயும் வாண்ணா. வண்டி எங்கயும் போயிடாது.”

ஆட்டோவில் இடம் இருந்தது. ஆனால் அந்த வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போய் இறங்க எனக்கு வெட்கம். “நீங்க போங்க. டீசல் ஊத்திகினு உங்களுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன்” என்றேன்.

டீசல் கிடைத்தது. வண்டிதான் கிளம்பவில்லை. டீசல் வண்டி அடியோடு வற்றினால் பைப்பில் காற்று ஏறிவிடும், அதை எடுக்காமல் உயிர் வராது என்பது அன்றுதான் தெரிந்தது. கோட்டும் கிரீஸுமாக நான் போய்ச் சேர்ந்தபோது பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லாவைப் பாவா கைபிடித்து அழைத்துப் போயிருந்தார்.

திட்டுவாள் என்று நினைத்தேன். “சாப்டியாண்ணா?” என்றாள். திட்டியிருக்கலாம்.

அதன்பின் ஒருநாள் டேங்க்கை நிரப்பி ஒழுங்காக மைலேஜ் பார்த்தேன். லீவரைச் சரியாக வைத்து, ஏ.சி. போடாமல் ஓட்டியும் எட்டைத் தாண்டவில்லை. விற்றுவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லாவின் மகள் கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினாள்.

“மாமா, எங்கம்மா கல்யாணத்துக்கு உங்கள கூப்புடலயா?”

அடுக்களையிலிருந்து ஸ்டெல்லா குரல் கொடுத்தாள்.

“கூப்ட்டோம்மா. மாமா வந்துகினே இருக்காரு.”