டைரக்டருக்கு ஒரு கேக்

கலங்கரை விளக்கம் சாய்வதை முதலில் கவனித்தவள் மனைவிதான்.

"ஏங்க, உங்க கோபுரம் குனியுது பாருங்க."

"குனியல. கடலை எட்டிப் பாக்குது," என்றார் கேக் மாஸ்டர். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார். விரல்கள் க்ரீமுக்குள் புதைந்து, கோபுரத்துக்குத் திட்டத்தில் இல்லாத ஜன்னல்கள் கிடைத்தன.

"வட்டமா ஒரு கேக். அவ்வளவுதான கேட்டாங்க? வட்டத்துல என்னங்க கஷ்டம் உங்களுக்கு?"

வட்டத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. கேக் யார் வீட்டுக்குப் போகிறது என்பதில்தான் எல்லாக் கஷ்டமும்.

காலையில் கடைக்கு ஒரு போன் வந்தது. கடையின் முன்பக்கம் மனைவியின் ராஜ்யம். அடுப்பும் க்ரீமும் இருக்கிற பின்பக்கம் மாஸ்டருடையது. அவள் போனை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "சாயங்காலம் ஒரு கேக் வேணுமாம். வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்கணும். மேல எதுவும் எழுத வேண்டாமாம்," என்றாள். கூடவே பேரையும் சொன்னாள்.

மாஸ்டர் கையிலிருந்த முட்டைத் தட்டு தரைக்குப் போனது.

"அந்த டைரக்டரா?"

"எந்த டைரக்டரோ. எனக்கென்ன தெரியும்?"

"இந்த உலகத்துல வேற டைரக்டர் யாருடி இருக்கா?"

அவர் எடுத்தது நாலே படம். நாலும் ஓடவில்லை. ஓடாத காரணத்தாலேயே அந்தப் படங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் மாஸ்டர் முன்வரிசை. அந்தப் படங்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும், அடுப்பில் இருப்பது கரியாகும்வரை பேசுவார். பல நாள் கரியாகியும் இருக்கிறது.

"மேல எதுவும் எழுத வேண்டாம்னு சொன்னாங்களே, அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்றார் கண்கள் பளபளக்க.

"மேல எதுவும் எழுத வேண்டாம்னு அர்த்தம்."

"இல்ல! அவர் படத்துல யாராவது மனசுல இருக்கறத வாயால சொல்லியிருக்காங்களா? எழுதாதேன்னா, எழுதாம சொல்லுன்னு அர்த்தம். எனக்குப் புரியும்னு தெரிஞ்சுதான் நம்ம கடைக்கே போன் பண்ணியிருக்கார்."

"நல்லாப் புரிஞ்சுது உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு மனைவி முட்டையைத் துடைக்கத் துணி எடுத்துவரப் போனாள்.

எழுதாமல் சொல்வதற்குத்தான் கலங்கரை விளக்கம். டைரக்டரின் முதல் படம் 'உப்புக் கோபுரம்'. விட்டுப் போன மனைவி என்றைக்காவது படகில் திரும்பி வருவாள் என்று ஒரு காவலாளி இரவெல்லாம் விளக்கை எரிய விடுவான். கடைசியில் படகு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவான். படம் முடிந்துவிடும்.

"கோவத்துல அணைச்சான்னு எல்லாரும் எழுதுறாங்க," என்று மாஸ்டர் கேக் அடுக்கிக்கொண்டே மச்சினனிடம் சொன்னார். "கோவமே இல்ல. அவ வெக்கப்படாம வீட்டுக்குள்ள வரணும். ஊரு பாக்கக் கூடாது. அதுக்காக அணைச்சான். எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

மனைவியின் தம்பிதான் கடையின் வேன் ஓட்டுகிறவன். ஒரு சண்டையாவது இல்லாத படத்தை அவன் படம் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

"பல்பு போயிருக்கும் மாமா," என்றான்.

அந்தக் கோபுரம்தான் இப்போது சாய்ந்து நின்றது. மாஸ்டர் பிடியை விட்டால் விழும். விடாமல் இருந்தால் சாயங்காலம்வரை அவரும் கேக்கோடு நிற்க வேண்டும். மச்சினன் உதவிக்கு வந்து மறுபக்கத்திலிருந்து தள்ளினான். கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டான். கோபுரம் அந்தப் பக்கம் போய், நிதானமாகப் படுத்துக்கொண்டது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சரி, வட்டமா ஒண்ணு போடுங்க," என்றாள் மனைவி.

மாஸ்டரின் முகம் திடீரென்று மலர்ந்தது. "கப்பல்!"

"எங்க?"

"படுத்துட்டா அது கோபுரம் இல்ல, கப்பல்! ரெண்டாவது படம்! கரை தட்டின கப்பல விட்டு இறங்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற கேப்டன்! நானே முதல்ல அதத்தான் செஞ்சிருக்கணும். முதல் படத்துல அவர் கொஞ்சம் அழ வைக்கப் பாப்பார். ரெண்டாவதுல அதெல்லாம் விட்டுட்டார்."

சுறுசுறுப்பாகச் சுற்றிலும் நீல க்ரீமால் அலை போட்டார். காவலாளிக்காகச் செய்திருந்த சர்க்கரைப் பொம்மைக்குத் தொப்பி வைத்துக் கேப்டனாக்கி மேல்தளத்தில் நிறுத்தினார். தொப்பி கனம். கேப்டனின் தலை தொப்பியோடு கழன்று கடலில் விழுந்தது.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிக்காத. அந்தப் படம் பூரா கேப்டன் முகத்தக் காட்டவே மாட்டார். முதுகுதான். முகத்தக் காட்டினா அவன் யாரோ ஒருத்தன் ஆயிடுவான். காட்டலன்னா அது நீ, நான், உங்கக்கா, எல்லாரும்."

"என்னை எதுக்கு அந்தக் கப்பல்ல ஏத்துறீங்க?" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதன் சூட்டில் நீலக் கடல் இளகி, தட்டின் விளிம்பைத் தாண்டி, மேசைக்கு வந்து, மாஸ்டரின் சட்டையை நனைத்தது. கப்பல் மெல்ல உள்ளே இறங்கியது.

"மாமா, மூழ்குது!"

"மூழ்கட்டும்! உறைய வச்சிடலாம்! பனி!" மாஸ்டர் குதித்தார். "மூணாவது படம்! ஊரே பனிக்குள்ள புதைஞ்சு கிடக்கும். ஒரே ஒரு டீச்சர் மட்டும் தினமும் பள்ளிக்கூட வாசல்ல பனிய வாரிக் கொட்டுவா. ஒரு பிள்ளையும் வராது. பிடிவாதக்காரின்னு சொல்றாங்க. பிடிவாதம் இல்லடா, மரியாதை! வராத பிள்ளைக்கும் ஒரு வாசல் இருக்கணும்ங்கிற மரியாதை! அந்த டப்பாவ எடு, சீக்கிரம்!"

மச்சினன் டப்பாவை எடுத்துக் கொடுத்தான். மாஸ்டர் சல்லடையில் கொட்டி, இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பனி பொழிய வைத்தார். ஆட்டும்போது பின்னணி இசையையும் வாயாலேயே போட்டார். ஊர் வெள்ளையாக மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் உண்மையிலேயே அழகாக இருந்தது. பிறகு ஈரம் பட்ட இடமெல்லாம் மஞ்சளாக மாறத் தொடங்கியது. அது சர்க்கரைப் பொடி இல்லை, கஸ்டர்ட் பவுடர்.

"பனி ஊர்ல நாய் நிறைய போல," என்றான் மச்சினன்.

மனைவி வந்து பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கணவனையும் பார்த்தாள். "நம்ம கடை பேரு போட்ட பெட்டியிலதான இது போகுது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி மாஸ்டரைச் சுட்டது. ஆனால் அவரால் நிறுத்த முடியவில்லை. சாக்லேட் உருக்கி வைத்திருந்த பாத்திரம் கண்ணில் பட்டுவிட்டது.

"நாலாவது படம்," என்றார் மெதுவாக.

"அந்த இருட்டுப் படமா? ஐயோ!" என்றான் மச்சினன்.

நாலாவது படத்தின் கடைசிப் பகுதியில் திரையில் ஒன்றுமே தெரியாது. கறுப்புதான். குரல்கள் மட்டும் கேட்கும். தியேட்டரில் பாதிப் பேர் கரண்ட் போய்விட்டது என்று எழுந்து கத்தினார்கள்.

"நீங்களே குறட்டை விட்டீங்க," என்றாள் மனைவி.

"கண்ண மூடிட்டுப் பாத்தேன். அப்படித்தான் பாக்கணும் அத. அந்த இருட்டுல முதல் மூணு படத்தோட ஆளுங்களும் இருக்காங்க. காவலாளி, கேப்டன், டீச்சர் எல்லாரும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்பப் பாரு, இந்தக் கேக்குலயும் எல்லாரும் உள்ள இருக்காங்க!"

சொல்லிவிட்டு ஒரே ஊற்றாக ஊற்றினார். கோபுரம், கப்பல், பனி எல்லாம் கறுப்புக்குள் போயின. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வேலை செய்ததில்லை என்று தோன்றியது.

மனைவி முன்பக்கம் போனாள். கண்ணாடி அலமாரியிலிருந்து வட்டமான, வெள்ளையான, சாதாரணமான ஒரு கேக்கைப் பெட்டியில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தாள். "வண்டியில வச்சுக்க. அங்க போய் மானம் போற மாதிரி இருந்தா இதக் குடுத்துடு. மாமாகிட்டச் சொல்லாத."

வேன் கிளம்பியது. மாஸ்டர் முன்சீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "வணக்கம் சார்னு ஆரம்பிக்கவா? வேண்டாம், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. நேரா டீச்சர்ல ஆரம்பிக்கறேன். சார், அந்த வாசல்னு ஒரு வார்த்தைதான். அவருக்குப் புரிஞ்சிடும்."

"மாமா, கொஞ்சம் அமைதியா வாங்க. ரோட்டப் பாக்க விடுங்க."

"வண்டியத் திருப்பு! சந்துல திரும்பு! அதோ அந்த வீடுதான்! நிறுத்து!"

மச்சினன் நிறுத்தினான். மாஸ்டர் கத்திய கத்தலில் முழு பலத்தோடு நிறுத்தினான். பின்னால் ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. நனைந்த துணி விழுகிற மாதிரி.

பின்கதவைத் திறந்தார்கள். பெரிய கேக்கின் பெட்டி நசுங்கி, அதன்மேல் இருந்த சின்னப் பெட்டி பிரிந்து, உள்ளே இருட்டின் நடுவில் வட்டமான வெள்ளைக் கேக் ஒன்று தலைகீழாகக் குத்தி நின்றது.

"இது எங்கேர்ந்து வந்தது?"

"அக்கா குடுத்தா. பத்திரமா இருக்கட்டும்னு மேல வச்சேன்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல் இருக்கும் மாமாவை மச்சினன் இதற்கு முன் பார்த்ததில்லை. பயந்துபோய் அவனே மெதுவாகக் கேட்டான். "மாமா... இது எந்தப் படம்?"

மாஸ்டர் மூச்சை இழுத்து விட்டார். சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார்.

"இது அவர் இன்னும் எடுக்காத படம். தூக்கு."

கேட்டைத் திறந்துவிட்டவர் டைரக்டரின் டிரைவர். பெட்டியைப் பார்த்தார், இருவர் சட்டையையும் பார்த்தார், "உள்ள போங்க," என்று வழிவிட்டார். வாசற்படிவரை தூக்கி வந்துவிட்டு, மச்சினன் வேனைத் திருப்பி நிறுத்தப் போனான். அவமானத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க அவனுக்கு மனசில்லை.

கதவைத் திறந்தது டைரக்டரேதான். மாஸ்டர் பத்திரிகையில் பார்த்த அதே தாடி, அதே சோர்ந்த கண்கள். மாஸ்டர் வாயைத் திறந்தார். டீச்சர், வாசல், காவலாளி எல்லாம் ஒன்றாக முண்டியடித்தன. "கேக்," என்று மட்டும் வந்தது.

டைரக்டர் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். அவருடைய சோர்ந்த கண்களில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"இத நீங்களேதான் செஞ்சீங்களா?"

"நானேதான் சார்."

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"இருபது வருஷமா சார்."

"இருபது வருஷமா!" டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கடைக்கு ஆளுங்க வர்றாங்களா?"

"நல்லா வர்றாங்க சார்."

"இந்த மாதிரி செஞ்சாலுமா?"

"இந்த மாதிரி உங்களுக்கு மட்டும்தான் சார்," என்றார் மாஸ்டர் நெகிழ்ந்துபோய்.

டைரக்டர் ஒரு கரண்டியால் கறுப்பை விலக்கி உள்ளே பார்த்தார். "இங்க ஏதோ நின்னு சாய்ஞ்ச மாதிரி இருக்கே. ஏன் சாய்ஞ்சது?"

மாஸ்டருக்குப் புல்லரித்தது. அவர் கண்டுபிடித்துவிட்டார்! "மனுஷனே சாய்ஞ்ச பிறகு கோபுரம் மட்டும் எப்படி சார் நிமிர்ந்து நிக்கும்?"

"அதில்ல... நடுவுல குச்சி எதுவும் வைக்கலையா?"

"உங்க படத்துல யாருக்கு சார் ஊன்றுகோல் குடுத்திருக்கீங்க?"

டைரக்டர் யோசித்தார். "குச்சி வைக்கணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இந்த மஞ்சள்?"

"பனி சார்."

"பனி," என்று டைரக்டர் தலையாட்டினார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். மாஸ்டர் மூச்சுவிடாமல் நின்றார். டைரக்டர் விழுங்கினார். பிறகு எழுந்து வந்து, க்ரீம் சட்டையையும் பொருட்படுத்தாமல், மாஸ்டரை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நாளா ஒரு முடிவெடுக்க முடியாம திணறிட்டு இருந்தேன். இப்ப எடுத்துட்டேன். நீங்க எனக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

மாஸ்டர் படியில் இறங்கி வந்தாரா மிதந்து வந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. கேட்டருகில் டிரைவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார் என்னக் கட்டிப் பிடிச்சார்! என் கேக்கப் பாத்து முடிவெடுத்துட்டாராம்! சொல்லுங்க, அடுத்த படம் எப்ப ஆரம்பிக்கிறார்?"

"படமா?" என்றார் டிரைவர். "சார்தான் சினிமாவ விட்டுட்டு பேக்கரி வைக்கலாமான்னு யோசிச்சு, ரெண்டு மாசமா ஊர்ல இருக்கற கடையில எல்லாம் கேக் வாங்கிப் பாத்துட்டு, நமக்கெல்லாம் இது வராதுப்பான்னு சோர்ந்து கிடந்தாரு, நல்லவேளை நீங்க வந்தீங்க, உங்க கேக்கப் பாத்த பிறகுதான் அவருக்குத் தைரியமே வந்திருக்கு!"