ஆமென் மேஸ்திரியின் சாயங்கால ஜெபம்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில், ஆமென் மேஸ்திரியைப் போலக் கடவுளைத் தொந்தரவு செய்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. வெள்ளைக்காரன் காலம். ரயில் பாதையில் தண்டவாளக் கட்டைகளுக்கு அடியில் ஜல்லி இடித்துக் கெட்டியாக்குவது எங்கள் வேலை. அவர் எங்களுக்கு மேஸ்திரி.

சாயங்காலம் எங்களுக்கு இடுப்பு இருக்கிறதா என்றே தெரியாது. அப்போதுதான் அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கண்ணை மூடுவார். ஆமென் சொல்லும்வரை யாரும் மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூடாது.

"ஆண்டவரே, மத்தியானம் மரத்தாண்ட கொஞ்சம் கண்ணசந்துட்டேன், மன்னியும். கன்னியப்பனைக் கழுதைன்னு திட்டிட்டேன். அவன் செஞ்ச வேலைக்கு அது பத்தாது. ஆனாலும் மன்னியும்."

"திட்டுனது பத்தாதா மேஸ்திரி? சாமியாண்ட வேற போட்டுக் குடுக்கணுமா?" என்பான் கன்னியப்பன்.

அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நாங்கள் "ஆமென்" போட்டுப் பார்ப்போம். கண்ணைத் திறக்காமலே, "இன்னும் முடியல" என்பார். அதற்குள் ஒரு சரக்கு வண்டியே வந்து போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில், திருமுல்லைவாயில் தாண்டி, பாதையைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரையின் டிராலி ஓரிடத்தில் தூக்கிப் போட்டது. துரை பிழைத்தார், தொப்பி பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. அங்கே ஜல்லி இடித்தவன் யார் என்று கத்தினார். கன்னியப்பன் கையைத் தூக்கினான்.

"நாளைக்கு வராதே!"

கன்னியப்பன் பெண்சாதி நிறைமாசம். எதிரே ரயில் வருவதால் டிராலியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் துரையும் அங்கேயே நின்றார். பொழுது சாய்ந்தது. மேஸ்திரி வழக்கம்போலத் தலைப்பாகையைக் கழற்றினார்.

"ஆண்டவரே, இடிச்சவன் கன்னியப்பன். சரியா இடிக்கலன்னு பாத்தவன் நான். கால் வலி. நாளைக்குப் பாத்துக்கலாம்னு நடையைக் கட்டிட்டேன். தப்பு என்னுது."

அன்று அவர் மூச்சு வாங்கியபோது யாரும் ஆமென் போடவில்லை. துரைக்குத் திட்டுவதற்கு மட்டும்தான் தமிழ் தெரியும் என்று நினைத்திருந்தோம். கேட்கவும் தெரிந்திருந்தது.

மறுநாள் கன்னியப்பன் வேலையில் இருந்தான். மேஸ்திரி மண்வெட்டியோடு எங்கள் வரிசையில் நின்றார். புதிதாக ஒரு மேஸ்திரி வந்திருந்தார். நல்ல மனிதர். வெளிச்சம் இருக்கும்போதே, "போதும், கெளம்புங்கப்பா" என்றார்.

யாரும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. எனக்குத் தோள் இற்றுவிடும்போல இருந்தது.

"இன்னா, ஊட்டுக்குப் போவ மனசில்லியா?"

"இருங்க மேஸ்திரி," என்றான் கன்னியப்பன். "ஆமென் இன்னும் வரல."

பழைய மேஸ்திரி எங்களை ஒருமுறை பார்த்தார். மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றினார்.

"ஆண்டவரே, இன்னிக்கு நான் இடிச்ச கட்டை கெட்டியா கீது. ஸ்தோத்திரம். ஆமென்."

அவ்வளவுதான். உடம்பெல்லாம் வலி. ஆனாலும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் ஜெபித்திருக்கலாம் என்று இருந்தது.