தோவாளைப் பூ ஏற்றுகிற வண்டி

கவனம் இல்லாதவன் கையில் ஒரு காரியம் பாதிதான் கெடும். முழுசாகக் கெட வேண்டுமென்றால் என்னைப்போல ஒருவன் வேண்டும். இரண்டு நாள் முன்பே வந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, எல்லாவற்றையும் நிறுத்து, எழுதி, கூட்டி, கூட்டியதை மறுபடியும் கூட்டிவிட்டுக் கெடுக்கிறவன்.

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. மழை பெய்தால் குளம் உடையுமோ என்று பயப்படுவேன். பெய்யாவிட்டால் குளம் வற்றுமோ என்று பயப்படுவேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே ஏழாம் வகுப்பில் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில்தான். (தோற்ற பிறகு விட்டிருந்தால் ஒரு வருடமாவது கூடப் படித்திருப்பேன்.)

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. பார்வதி அக்காவுக்குக் கல்யாணம் முடிந்து, அவளை ஆரல்வாய்மொழியில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிட வேண்டும். தாழக்குடிப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு மைல். அத்தான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டார்.

அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேசுவார்கள். அவர்கள் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் பெண் வாசல்படி ஏறிவிட வேண்டும். அந்த வீட்டு மூத்த மருமகள் மாட்டுவண்டியில் வந்தவள். வழியில் மாட்டுக்கு லாடம் கழன்று, ராகுகாலத்திலேயே வந்து இறங்கிவிட்டாள். ஆறு வருடமாக அந்த வீட்டில் பால் திரிந்தாலும், பூனை சட்டியை உருட்டினாலும், "அன்னைக்கு வந்த நேரம் அப்படி" என்பதுதான் பேச்சு. என் அக்காவுக்கும் அந்தப் பெயர் வந்துவிடுமோ என்று நான் தூங்காமல் கிடந்தேன். லாடம் கழலாத வண்டியாகப் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் சூசை அண்ணனைப் பிடித்தேன். கடியப்பட்டணத்துக்காரர். யுத்தத்தில் பர்மாவரைக்கும் லாரி ஓட்டியவர். யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் விட்ட ஒரு ஜீப்பையும், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற ஒரு டிரெய்லரையும் எடுத்திருந்தார். இரண்டு சக்கரம் வைத்த பெட்டி. நாங்கள் பின்பெட்டி என்றோம். பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுப் பெண்களும் ஜீப்பில், சீர்ச்சாமான் எல்லாம் பின்பெட்டியில், அரைமணி நேரத்தில் ஆரல்வாய்மொழி. நினைக்கவே நெஞ்சு குளிர்ந்தது.

ஒரே ஒரு சங்கடம். அந்தப் பின்பெட்டியில் அவர் தினமும் ஏற்றுவது மீன்.

எங்கள் வீடு பரம்பரைச் சைவம். கருவாட்டுக் கடை இருக்கிற தெரு வழியாகப் போனால்கூட அம்மையின் அக்கா பெரியம்மை மூக்கைப் பொத்திக்கொண்டு சிவசிவா என்று நடப்பாள். ஆகவே, பக்கத்துப் பூச்சந்தையை நினைத்து, வீட்டில் சொன்னேன்: "தோவாளைப் பூ ஏத்துகிற வண்டி." வாயில் அப்படி வந்துவிட்டது. திருப்பி எடுக்கத் தைரியம் இல்லை.

முந்தின நாள் சூசை அண்ணன் பின்பெட்டியைக் கழுவித்தான் கொண்டுவந்து விட்டார். நான் அதை மறுபடியும் புளி போட்டுத் தேய்த்தேன், சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தேன், சாணிவெள்ளம் தெளித்தேன், சாம்பிராணி போட்டேன். முன்பாதி கோயில் மாதிரி மணத்தது. பின்பாதி மட்டும் அசையவில்லை. மீனிலிருந்து ஒழுகுகிற ஐஸ் வெள்ளம் வருடக்கணக்காகப் பின்மூலைப் பலகை இடுக்கில் இறங்கி ஊறியிருந்தது. அங்கே குனிந்தால் கடியப்பட்டணம் கடற்கரையே மூக்கில் ஏறும்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பின்பாதியில் சாமான் வைப்பதில்லை.

பாரம் கூடிவிடுமோ என்ற பயத்துக்கும் வழி செய்திருந்தேன். ஜீப்பின் முன்பக்கம் ஒரு தகட்டில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதி இரண்டு எண்கள் இருந்தன. எழுத்து எனக்கு விளங்காது; எண் விளங்கும். ராத்தல் கணக்கு என்று சூசை அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்டேன். (சின்னதை எடுப்பதற்கு எனக்கு என்ன பைத்தியமா?) இரண்டு நாள் முன்பே வெண்கல வார்ப்பு, உருளி, குடம், விளக்கு, அம்மி, ஆட்டுரல் எல்லாவற்றையும் கடைத் தராசில் கொண்டுபோய் நிறுத்துக் காகிதத்தில் எழுதியிருந்தேன். தகட்டு எண்ணுக்கு உள்ளேதான் வந்தது.

புதன்கிழமை காலையில் காகிதத்தைச் சூசை அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மக்கா, அது இழுக்கதுக்கு உள்ள கணக்கு. சுமக்கதுக்கு உள்ள கணக்கு இந்தச் சின்னது."

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

"ஒண்ணு இல்ல, கேட்டியா. பெட்டி அதுக்க சக்கரத்துல நிக்கும். ஆனா அதுக்க மூக்கு என் வண்டி முதுகுலல்லா இரிக்கி. மூக்குல நீ வைக்குத பாரம், ஜீப்புல ஏறுத ஆளு, எல்லாம் சேத்து என் வண்டி சுமக்கணும். மாட்டுவண்டியில முன்பாரம் ஏறினா மாடு கழுத்து என்னாவும்? அதுதான் இதும். பாரத்தப் பரத்தி வையி, கொஞ்சம் பின்னாலயும் தள்ளு."

"எனக்குத் தெரியாதா அண்ணே" என்றேன். நாஞ்சில் நாட்டில் நெல்வண்டி ஏற்றத் தெரியாதவன் உண்டா? எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர் கஞ்சி குடிக்கப் போனதும், அம்மியையும் ஆட்டுரலையும் பின்பெட்டியின் முன்மூலையில் வைத்தேன். அதன்மேல் வார்ப்பு, அதற்குள் உருளி, பக்கத்தில் குடங்கள். எல்லாம் மூக்கோடு மூக்காக. பின்னால் காலி. அங்கே ஒரு ஓலைக் கடவம் நிறையப் பிச்சிப்பூ மட்டும் வைத்தேன், வாடையை மறைக்க.

ஏற்றும்போதே உருளி கனத்தது. வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"பெரியம்மே, இதுல என்ன?"

"அரிசிலே. பின்ன, பொண்ணு குடியேறப் போற வீட்டுக்கு வெறும் பாத்திரமாட்டா கொடுத்துவிடுவா? குடத்துல பயறு, உப்பு, வெல்லம். வார்ப்பு அடியில தேங்கா. எல்லாம் நேத்தே நெறச்சாச்சு."

நான் நிறுத்தது வெறும் பாத்திரம். என் காகிதம் அந்த நிமிடமே செத்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இறக்கிப் பரத்தி வைக்கச் சொல்வார்கள்; பரத்தினால் பின்மூலைக்குப் பெரியம்மை மூக்கு போகும். பேசாமல் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

சூசை அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். "பின்னால இவ்வளவு எடம் கெடக்கே மக்கா?"

"காத்தோட்டத்துக்கு அண்ணே."

"தேங்காய்க்கு எதுக்குலே காத்தோட்டம்?"

அதற்குள் பெரியம்மை வந்துவிட்டாள். "ஏம்பா, பூ ஏத்துகிற வண்டியாமே. நல்ல வண்டி."

சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜீப்பின் டயரைப் பார்த்தேன். அவர் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பிரித்து அடுக்க நேரமும் இல்லை. மணி பதினொன்று ஆகியிருந்தது. அப்பாவும் மற்ற ஆண்களும் முன்னமே பஸ்ஸில் போயிருந்தார்கள். முன்னால் சூசை அண்ணனும் அத்தானும். பின்னால் அக்கா, அம்மை, பெரியம்மை, நான். பெரியம்மையை என் கணக்கில் சேர்க்கவில்லை. (கடைத் தராசில் ஏறுங்கள் என்று அவளிடம் சொல்ல எவனாலும் முடியாது.)

தோவாளைவரைக்கும் வண்டி கொஞ்சம் குண்டி தாழ்த்தி, கோழி முட்டையிடப் போவதுபோல ஓடியது. அதைத் தாண்டிக் கால்வாய்ப் பாலம். முதுகு வளைந்த பழைய பாலம். சூசை அண்ணன் கியரை மாற்றி மிதித்தார். ஜீப்பின் மூக்கு உயர ஆரம்பித்தது. சாலை கீழே போனது. கடுக்கரை மலை கீழே போனது. அப்புறம் கண்ணுக்கு முன்னால் ஆகாசம் மட்டும்தான்.

"சூசே! எங்க கொண்டு போறே?" என்று பெரியம்மை அலறினாள்.

"ஸ்டியரிங் திரியுது, வண்டி திரியலியே அம்மா!" என்றார் அவர். இரண்டு முன்சக்கரமும் அந்தரத்தில் சும்மா சுற்றின. வண்டி பைய பின்னால் உருண்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பின்பெட்டி இடித்து, நின்றது. கோயில் குதிரை வாகனம் மாதிரி நின்றது. பெரியம்மை என்மேல் இருந்தாள். நான் கணக்கில் விட்டுப்போன எடையை அப்போது தெரிந்துகொண்டேன்.

யாருக்கும் அடிபடவில்லை. இறங்கிப் பார்த்தால், பின்பெட்டியின் மூக்கு தரையில் குத்தி, பின்பக்கம் வானத்துக்கு ஏறியிருந்தது. உருளியின் துணி கிழிந்து அரிசி தெரிந்தது. பூக்கடவம் சரிந்தது. பிச்சிப்பூ எல்லாம் முன்னால் வழிந்து வந்தது. இவ்வளவு தேய்த்தும் என் கையில் சிக்காமல் பலகை இடுக்கில் கிடந்த ஒரு காய்ந்த சாளை மீன், அந்தப் பூவோடு ஊர்வலமாக இறங்கி வந்து, அரிசிக்கு நடுவில் நின்றது.

அம்மையும் பெரியம்மையும் சேலை சரிசெய்துகொண்டிருந்தார்கள். பார்த்தது நானும் அக்காவும் மட்டும். அக்கா பட்டுச்சேலை முந்தானையை இழுத்து மறைத்து, அந்த மீனையும் அதைச் சுற்றியிருந்த அரிசியையும் வலது கையால் வழித்துக் கால்வாயில் எறிந்தாள். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவள். கையைக் கழுவக்கூட இல்லை, கழுவினால் கேட்பார்களே என்று.

அத்தான் என் சட்டைப்பையிலிருந்து விழுந்த காகிதத்தை எடுத்து, வெயிலில் நின்று முழுதாகப் படித்தார். மடித்து என்னிடம் தந்தார்.

"கூட்டல் சரிதான்" என்றார்.

அடித்திருக்கலாம்.

பாலத்தடியில் வயலில் நின்ற ஆட்கள் ஓடிவந்தார்கள். கொக்கி வளைந்து மாட்டிக்கொண்டது. பின்பெட்டியைக் கழற்ற முடியவில்லை. சூசை அண்ணன் அம்மியையும் ஆட்டுரலையும் தூக்கச் சொல்லிப் பின்மூலையில் வைத்தார். அதே மூலை. நான் வாயைத் திறந்தேன்.

"கல்லுக்கு என்னடே சைவமும் அசைவமும்?" என்று என் காதருகில் சொன்னார். "நான் மீன் ஏத்துதேன்னு சொன்னா உனக்கு அவ்வளவு கேவலமா மக்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தியான்னா வேற பெட்டி வாங்கிட்டு வந்திருப்பேன்லா."

நான் சரிந்து கிடந்த பூவைக் கடவத்தில் அள்ளிப் போட்டேன். 

மணி பதினொன்றே முக்கால். ஜீப்பின் மூக்கு தரைக்கு இறங்கியும் இன்னும் லேசாகத்தான் இருந்தது. சாமானைப் பிரித்து அடுக்க நேரம் இல்லை. "முன்னால பாரம் வேணும். கணக்குப் போட்டவன் ஏறு" என்றார் சூசை அண்ணன். ஜீப்பின் முன்மூடியில், காலைத் தொங்கவிட்டு, பூக்கடவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனி மாசத்து ஆரல்வாய்மொழிக் காற்று தெரியுமே, ஆளையே தள்ளும். பூ ஒவ்வொன்றாகப் பறந்து போய்விட்டது. அதோடு காற்று பின்னாலிருந்து அடித்ததால், பின்பெட்டியின் வாடை எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் போனது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் வந்து நின்றோம். அத்தானின் அம்மா ஆரத்தித் தட்டோடு அவசரமாக ஓடிவந்து, முதலில் எது தெரிந்ததோ அதற்குச் சுற்றிவிட்டார்கள். முதலில் தெரிந்தது நான். மூன்று சுற்று முடிந்த பிறகுதான் பெண் பின்னால் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தார்கள். அக்கா இறங்கி, நேரத்துக்குள் வலதுகாலை வைத்துப் படி ஏறினாள்.

ஏறின உடனே அத்தானின் அம்மா மூக்கைச் சுருக்கினார்கள். "பார்வதி, இது என்ன வாடை?"

நான் கடவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சூசை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஒரு கணமும் தயங்கவில்லை.

"தோவாளைப் பூ அத்தே. வெயிலுக்கு வாடினா இப்படித்தான்."

புகுந்த வீட்டில் என் அக்கா பேசிய முதல் வார்த்தை பொய். எனக்காக.

திரும்பிப் போகும்போது சூசை அண்ணன் சொன்னார்: "நாளைக்கி மீன் ஏத்தணும் மக்கா. இந்தப் பூ வாடை போவுமான்னுதான் பயமா இரிக்கி." அப்படிச் சொல்லி என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். நான் அழுதேன்.

அத்தானின் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கடைசிவரைக்கும் அக்காவிடம் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அண்டை வீட்டில் எங்காவது மீன் பொரிக்கிற வாடை வந்தால், அவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டே, "யாரு வீட்டுலயோ தோவாளைப் பூ பொரிக்கா" என்பார்கள். அவர்கள் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு அக்காவின் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கேயாவது காரில் கிளம்பினால், "மாமாத் தாத்தா, நீங்க முன்னால ஏறுங்க, மூக்கு தூக்கிரும்" என்கிறார்கள்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் சிரிக்கும்போது வலது உள்ளங்கையைச் சேலையில் ஒருதரம் துடைத்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.